கடைசியில் ஓர் அடிக்கோடு

தரமணி, இரண்டாவது மாடி, ஆறரை மணி.
நாளைப் பத்து மணிக்குள் படம் வேண்டுமாம்.
எண்கள் போதாதாம்.

எண்களை மட்டுமே துப்பிப் பழகிய நிரல் இது.
அடையாற்று முகத்துவாரத்தில்
எந்தக் காற்றுக்கு எவ்வளவு தண்ணீர் என்று
பெரிய எழுத்திலேயே பேசும்
காது கேளாத கணக்குப்பிள்ளை மாதிரி.
எழுபத்திரண்டாம் பத்திக்கு அப்பால்
ஒரு எழுத்தும் வைக்காது.
அதற்கு ஜன்னல் என்றால் என்னவென்றே தெரியாது.

வரைகலை லைப்ரரியை இறக்கினேன்.
தலைப்புக் கோப்புகள் தனிப் பொட்டலமாம்,
அதையும் இறக்கினேன்.
பழைய கம்பைலர் பெற்ற மாட்யூலைப் பார்த்து
புதிய கம்பைலர்
என் பிள்ளை இல்லை என்றது.
மறுபடி பெறவைத்தேன்.

பிறகு லிங்கர்.
முந்நூற்றுப் பன்னிரண்டு முறை
அப்படி யாரும் இந்தத் தெருவில் இல்லை
என்று கதவைச் சாத்தியது.

ஆள் இருக்கிறார். பெயர்தான் வேறு.
பெரிய எழுத்தெல்லாம் சின்னதாகி
கடைசியில் ஓர் அடிக்கோடு ஒட்டிக்கொண்டு
தேடுகிறது ஃபோர்ட்ரான்.
சி-யின் வீட்டுப் பலகையிலோ அடிக்கோடு இல்லை.
எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது
இருபது வருஷம் கழித்து டெர்மினலில் எழுந்து வந்தது:
தோன்றல், திரிதல், கெடுதல்.
நிலைமொழி ஃபோர்ட்ரான், வருமொழி சி.
பைண்ட் சி என்று ஒரு வரி சேர்த்தேன்.
தோன்றிய அடிக்கோடு கெட்டது.
புணர்ந்தன.

எட்டு மணிக்கு ஜன்னல் திறந்தது.
தலைப்பில் 'அடையாறு' என்று எழுதி
பின்னால் ஏதேதோ கட்டங்கள், கேள்விக்குறிகள்.
சொல் முடிந்ததென்று
சி-க்கு ஒரு பூச்சியம் வைத்துச் சொல்ல வேண்டும்,
இல்லையென்றால் அடுத்த வீட்டுக்குள்ளும் படித்துக்கொண்டே போகும்.
வைத்தேன்.
ஐநூறுக்கு ஐநூறு கட்டம்
நீலமாய் நிரம்பியது.
யாருமில்லாத அறையில் கை தட்டிவிட்டேன்.

யாருமில்லாமல் இல்லை.
குப்பைக்கூடையைக் கவிழ்த்துக்கொண்டே
குளோரியா கேட்டாள்:
"கடல் ஏன் மேல இருக்கு?"

பார்த்தேன்.
வங்காள விரிகுடா
மந்தைவெளிப் பக்கம் ஏறிப் படுத்திருந்தது.
ஆறு தெற்கிலிருந்து வந்தது.
அணியை ஃபோர்ட்ரான் நெடுக்காக அடுக்கும்,
சி கிடையாகப் படிக்கும்.
தெரியும். இது தெரியும் எனக்கு.
தேர்வில் எழுதியிருக்கிறேன்.

இரண்டு எழுத்தை இடம் மாற்றினேன்.
கடல் கிழக்கே போய் உட்கார்ந்தது.

அவள் போகவில்லை.
துடைப்பத்தின் அடிக்கட்டையால்
சீனிவாசபுரத்தில் ஒரு கட்டத்தைத் தொட்டாள்.
"இது நாங்க."
கர்சரை வைத்தேன். சுழியம் புள்ளி எட்டு மூன்று.
"எவ்ளோன்னு அர்த்தம்?"
எண்பத்து மூணு சென்டிமீட்டர் என்றேன்.
அவளுக்கு அது ஒன்றும் சொல்லவில்லை.
கையால் காட்டினேன், தரையிலிருந்து.
என் கையைப் பிடித்து
நாலு விரல் அளவு மேலே தூக்கினாள்,
தன் இடுப்புக்கு நேராக.
"போன மார்கழி. ஃப்ரிட்ஜ் மெதந்துச்சு."
பிறகு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

அந்த எண் முன்பே இருந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி, ஏழாம் பத்தி.
எத்தனை முறை அதன்மேல்
உருட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

அடிமட்ட உராய்வை இன்று மாற்ற நேரமில்லை.
பறக்கும் ரயில் இன்னும் இரண்டோ மூன்றோதான் இருக்கும்.
ஆச்சரியக்குறி போட்டு எழுதுவதை
கம்பைலர் படிக்காது, தாண்டிப் போய்விடும்.
ஒரு ஆச்சரியக்குறி போட்டேன்.

! கட்டம் 212, 7: ஏழு செ.மீ. குறைவாகக் காட்டுகிறது.
! அளந்தவர்: குளோரியா, சீனிவாசபுரம்.

சேமித்தேன். விளக்கை அவளே அணைப்பாள்.